முதல் டிரம்ஸ் லட்விக்காத்தான் இருக்கணுமா?

அமெரிக்காவுல எழுபது வயசு ஆள் யாராவது "சின்ன வயசுல டிரம்ஸ் வாசிச்சிருக்கேன்"னு சொன்னா, உடனே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. "உங்க முதல் செட் என்ன கம்பெனி?" கண்ணை மூடிக்கிட்டு "லட்விக்" அப்படின்னுவாங்க. நான் சிகாகோவுக்கு வந்த இந்த மூணு வருஷத்துல கேட்டவங்கள்ல முக்கால்வாசிப் பேர் சொன்ன பதில் இதுதான். அதுல பல பேர் வச்சிருந்தது லட்விக்கா இருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி. இதை மூஞ்சிக்கு நேரா சொன்னா சண்டைக்கு வருவாங்க. இருந்தாலும் சொல்லணும்ங்கிறது என் கட்சி. அதைத்தான் கொஞ்சம் நீட்டி முழக்கப் போறேன். டிரம்ஸ்னா சிவமணி, அதுக்கு மேல ஒண்ணும் தெரியாதுங்கிற மக்களும் தைரியமா உள்ள வரலாம். கொஞ்சம் டெக்னிக்கல் சமாச்சாரம் வரும், ஆனா கடிக்காது :)

முதல்ல, ஏன் எல்லாரும் லட்விக்னு சொல்றாங்க? சிகாகோவுல 1909-ல் வில்லியம் லட்விக், தியோபால்ட் லட்விக்னு ரெண்டு அண்ணன் தம்பி ஆரம்பிச்ச கம்பெனி அது. நடுவுல கம்பெனி கைமாறிப் போச்சு, பேரும் அதோட போச்சு. வில்லியம் 1937-ல் இனிஷியலை வச்சு டபிள்யூ.எஃப்.எல்.னு வேற கடை போட்டார். 1955-ல் 'லட்விக்'ங்கிற பேரைக் காசு குடுத்துத் திரும்ப வாங்கினார். சொந்தப் பேரையே காசு குடுத்து வாங்கின மனுஷன்! (டொமைனை ரினியூ பண்ண மறந்துட்டு அப்புறம் அலைஞ்சவங்களுக்கு இந்த வலி புரியும்.)

அப்புறம் வந்துச்சு 1964 பிப்ரவரி 9, ஞாயித்துக்கிழமை ராத்திரி. எட் சலிவன் ஷோவுல பீட்டில்ஸ். டிவி முன்னாடி உக்காந்து பார்த்தவங்க 7 கோடியே 30 லட்சம் பேர்னு கணக்கு. மேடைக்கு நடுவுல உயரத்துல ரிங்கோ ஸ்டார். அவர் முன்னாடி கறுப்பு முத்துச்சிப்பி டிசைன்ல ஒரு செட். பாஸ் டிரம்மோட முன்பக்கத் தோல்ல பீட்டில்ஸ் பேருக்கு மேல இன்னொரு பேர்: லட்விக். இதைவிட நல்ல விளம்பரத்தை எந்தக் கம்பெனியும் காசு குடுத்து வாங்கியிருக்க முடியாது. மறுநாள் காலையில அமெரிக்காவுல பாதிப் பசங்களுக்கு டிரம்ஸ் வேணும்னு ஆகிப் போச்சு. சிகாகோ டேமன் அவென்யூ 1728-ல் இருந்த லட்விக் ஃபேக்டரி ராத்திரி பகலா ஓடிச்சு, அப்படியும் பத்தல. (அந்தக் கட்டடம் இப்ப வீடுகளா மாறிடுச்சு. கம்பெனி 1984-லயே வட கரோலினாவுல மன்ரோங்கிற ஊருக்குப் போயிடுச்சு.)

சரி, டிரம்ஸ் வேணும்னு அழுத எல்லாப் பையனுக்கும் லட்விக் கிடைச்சுதா? எங்க கிடைக்கும்! விலை அப்படி. ஷிஃப்ட் வேலை பார்க்கிற அப்பாவுக்கு அது கட்டுப்படியாகாது. அந்த இடைவெளியில உள்ள நுழைஞ்சதுதான் ஜப்பான் செட்டுங்க.

இங்க விண்டேஜ் டிரம்ஸ் ஆளுங்க இதுங்களை 'ஸ்டென்சில் கிட்'டுன்னு சொல்லுவாங்க. ஜப்பான்ல ஒரே ஃபேக்டரியில செஞ்சு, வாங்குற அமெரிக்க வியாபாரி எந்தப் பேர் கேக்கிறாரோ அந்தப் பேரை ஒட்டி அனுப்புறது. நம்ம ஊர்ல ஒரே மில்லு அரிசி நாலு பிராண்ட் கோணியில வர்ற மாதிரி. பேர்ல் கம்பெனி 1961-ல் சீபாவுல ஒரு ஃபேக்டரி கட்டி, 30-க்கும் மேற்பட்ட வியாபாரிகளோட பேர்ல மலிவு செட் செஞ்சு அனுப்பிச்சாங்க. மெஜஸ்டிக், அப்பல்லோ, வைட்ஹால், ஸ்டூவர்ட், லைரா, டொரடோர்னு பேரெல்லாம் ஏதோ ராஜா காலத்து குதிரைப் பேர் மாதிரி இருக்கும். 1949-லேர்ந்து 1971 வரைக்கும் ஒரு டாலருக்கு 360 யென்னு நிலையா கட்டி வச்சிருந்ததால, ஜப்பான் சரக்கு இங்க வந்து இறங்கும்போது விலை அடிமாட்டு விலை.

இப்ப நம்ம கதைக்கு வருவோம். நான் குடியிருக்கிற வீட்டோட ஓனர் எழுபதைத் தாண்டின மனுஷன். கீழ் வீட்டுல அவர், மேல் வீட்டுல நான். சனிக்கிழமை சாயங்காலம் நான் பிராக்டிஸ் பேடுல தட்டுறது கீழ கேட்டு, திட்ட வர்றாரோன்னு பயந்தா, "ரைட் ஹேண்ட் கொஞ்சம் முந்துது" அப்படின்னு சொல்லிட்டுப் போனார். அதுலேர்ந்து பழக்கம். அவரோட பேஸ்மென்ட்டுல, பழைய வாஷிங் மெஷினுக்குப் பின்னாடி, போர்வை போத்தி ஒரு செட் இருந்துச்சு. 1966 கிறிஸ்துமஸுக்கு அவங்க அப்பா வாங்கிக் குடுத்ததாம். அப்ப அவருக்கு 13 வயசு. பாஸ் டிரம், ஒரு டாம், ஒரு ஃப்ளோர் டாம். ஸ்நேர் எப்பவோ தொலைஞ்சு போச்சு. நீல ஸ்பார்க்கிள், அதாவது பழைய ஜிகினா சேலை மாதிரி மினுமினுக்கிற பிளாஸ்டிக் உறை. பேட்ஜ் ஒண்ணுகூட இல்ல. "லட்விக்"னார். எதிர்பார்த்ததுதான்.

அவர் பையன் அதை விக்கிறதுக்கு விளம்பரம்கூட எழுதி வச்சிருந்தார். "1966 லட்விக், முதல் ஓனர்". போடறதுக்கு முன்னாடி, நமக்கு டிரம்ஸ் தெரியுமேன்னு என்னைக் கூப்பிட்டு ஒரு தடவை பார்த்துடச் சொன்னாங்க.

இங்க கொஞ்சம் நின்னு, ஒரு பழைய டிரம்மை எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறதுன்னு சொல்லிடறேன். எனக்கு இந்த வேலை இவ்வளவு பிடிச்சதுக்குக் காரணம், இது அப்படியே டீபக்கிங் மாதிரி. பேட்ஜுங்கிறது கோட்ல எழுதின கமெண்ட். ஷெல்லுங்கிறது கோட். கமெண்ட் பொய் சொல்லும், கோட் சொல்லாது. பேட்ஜைக் கழட்டி வேற டிரம்ல மாட்டலாம், டூப்ளிகேட் பேட்ஜ் தனியாவே விக்கிது. மரத்தை மாத்த முடியாது.

பேட்ஜ்ல இருக்கிற சீரியல் நம்பரை வச்சு வருஷம் கண்டுபிடிச்சுடலாம்னு நிறையப் பேர் நம்பறாங்க. லட்விக் நம்பர் போட ஆரம்பிச்சதே 1963 கடைசியிலதான். அதுக்கு முன்னாடி ஷெல்லுக்கு உள்ளே சிவப்பு மையில தேதி முத்திரை குத்தியிருப்பாங்க, அதுதான் தங்கம். நம்பர் அப்படி இல்ல. அது ஆட்டோ இன்க்ரிமென்ட் ஐடி கிடையாது. நம்பர் அடிச்ச பேட்ஜை டப்பாவுல கொட்டி வச்சிருப்பாங்க, வேலை செய்யறவர் கைக்கு வந்ததை எடுத்து மாட்டுவார். ஒரே நாள்ல ஒரே செட்டா வெளிய போன மூணு டிரம்முக்கும் ஆயிரக்கணக்குல வித்தியாசம் இருக்கலாம். அதனால "நம்பர் ஒட்டி வரலை, இது ஒரிஜினல் செட் இல்ல"ன்னு ஒருத்தர் சொன்னா, அவருக்குப் பாதிதான் தெரியும்னு அர்த்தம். பிரைமரி கீயை டைம்ஸ்டாம்ப்னு நினைக்கிற ஜூனியர் மாதிரி.

உண்மையைச் சொல்றது உள்பக்கம். 60-கள் நடுவுல வந்த லட்விக்கைத் திறந்து பார்த்தா, உள்ளே சாம்பல் நிறத்துல புள்ளி புள்ளியா ஒரு பெயின்ட் இருக்கும். மொசைக் தரை மாதிரி. 68 வாக்குல அதை நிறுத்திட்டு மரம் தெரியற மாதிரி வார்னிஷ் மட்டும் அடிச்சாங்க. கிரெட்ச்சுன்னா உள்ளே வெள்ளி கலர் பூச்சு. பேட்ஜ் வட்டமா இருந்தா 71-க்கு முன்னாடி, எண்கோணமா இருந்தா அதுக்குப் பின்னாடி. இங்கிலாந்து பிரிமியர்னா இன்னொரு கூத்து. பழைய பிரிமியர்ல இன்னிக்குக் கடையில வாங்குற தோல் சரியா உக்காராது, அளவே ஒரு நூல் வித்தியாசம். அதையே ஒரு அடையாளமா வச்சுக்கலாம். எனக்கு ரொம்பப் பிடிச்சது இரண்டாம் உலகப் போர் காலத்து டிரம்ஸ். 1942-ல் அமெரிக்க அரசாங்கம், இசைக்கருவியோட எடையில பத்துல ஒரு பங்குக்கு மேல உலோகம் இருக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டுடுச்சு. திருகாணி கோக்கிற லக்கு, வளையம் எல்லாத்தையும் மரத்துல செஞ்சாங்க. ஸ்லிங்கர்லேண்ட் அந்த மாடலுக்கு 'ரோலிங் பாம்பர்'னு பேர் வச்சாங்க. மரத்துல லக்கு இருக்கிற டிரம்மை எங்கயாவது பார்த்தீங்கன்னா, வருஷம் கேக்க வேண்டியதே இல்ல. உலகப் போரே அதுல கையெழுத்துப் போட்டிருக்கும்.

இன்னொரு விஷயம், நிழல். பிளாஸ்டிக் உறை வெயில்லயும் சிகரெட் புகையிலயும் நிறம் மாறிக்கிட்டே வரும். வெள்ளை முத்து உறை மஞ்சளாயிடும், நீலம் பச்சைக்குத் திரும்பும். ஆனா லக்குக்கு அடியில, பேட்ஜுக்கு அடியில மட்டும் பழைய நிறம் அப்படியே இருக்கும். சுவத்துல காலண்டரை எடுத்தா தெரியுமே, அந்த மாதிரி. பேட்ஜ் போனாலும் பேட்ஜோட உருவம் போகாது. 60-கள்ல லட்விக் பேட்ஜ் மேல அகலமாவும் கீழ குறுகலாவும் இருக்கும். எங்க ஓனரோட ஃப்ளோர் டாம்ல இருந்த நிழல் முட்டை வடிவம்.

எனக்கு அப்பவே தெரிஞ்சுடுச்சு. இருந்தாலும் டிரம் சாவியை வாங்கி, ஆறு திருகாணியையும் கழட்டி, தோலை எடுத்துட்டு, மொபைல் டார்ச் அடிச்சுப் பார்த்தேன். சாம்பல் பெயின்ட் இல்ல. முத்திரை இல்ல. செம்பழுப்பு நிறத்துல, துவாரம் துவாரமா, மெல்லிசா ஒரு மரம். மேலயும் கீழயும் பலத்துக்கு ஒரு மர வளையம் ஒட்டியிருக்கு. லூவான். பிலிப்பைன்ஸ் பக்கத்துக் காட்டு மரம், மலிவான பிளைவுட் கதவுக்கெல்லாம் போடறது. 60-கள்ல ஜப்பான் செட்டுன்னா பெரும்பாலும் இந்த மரம்தான். லக்கு எல்லாம் தூரத்துலேர்ந்து பார்த்தா அமெரிக்க டிசைன் மாதிரியே இருந்துச்சு, கிட்ட வந்தா குரோம் பூச்சு அம்மைத் தழும்பு மாதிரி பொரிஞ்சு கிடக்கு. எந்த ஃபேக்டரின்னு சொல்ல முடியாது. ஜப்பான்னு மட்டும் அடிச்சுச் சொல்லலாம்.

இப்ப சொல்லுங்க, இதை அவர்கிட்ட சொல்லணுமா வேண்டாமா?

பையன் கட்சி, வேண்டாம். அவர் கணக்கு எளிமையானது. லட்விக்னா பல மடங்கு விலை. "அப்பாவுக்கும் சந்தோஷம், வாங்குறவனுக்கும் சந்தோஷம், யாருக்கு என்ன நஷ்டம்?"னார். வாங்குறவன் தோலைக் கழட்டுற வரைக்கும்தான் அந்த சந்தோஷம்னு சொன்னேன். இது சாதாரண வியாபார நாணயம், இதுல பெருசா விவாதம் ஒண்ணும் இல்ல. விளம்பரத்துல பொய் எழுதக் கூடாது, அவ்வளவுதான்.

ஆபீஸ்ல என்கூட வேலை பார்க்கிற நண்பன் ஒருத்தன் சொன்னதுதான் யோசிக்க வச்சுது. "விளம்பரத்துல எழுதாதீங்க, சரி. ஆனா அந்தக் கிழவர்கிட்ட ஏன்டா சொல்லணும்? கிட்டத்தட்ட அறுபது வருஷமா ஒரு நினைப்பை வச்சுக்கிட்டு இருக்கார். அவங்க அப்பா 'லட்விக் வாங்கிட்டு வந்திருக்கேன்'னு சொல்லிக் குடுத்திருப்பார். நீ போய் டார்ச் அடிச்சு அந்த அப்பாவைப் பொய்யனாக்கணுமா? உனக்கு என்ன கிடைக்கப் போகுது?" நியாயமான கேள்வி. ஒரு ராத்திரி பூரா மண்டையைக் குடைஞ்சுது.

என் பதில் இதுதான். அந்த மனுஷன் வச்சிருக்கிறது அவரோட ஞாபகம்னு நாம நினைக்கிறோம். எனக்கென்னவோ அதுல பெரும்பகுதி ரிங்கோவோட செட்டுன்னு தோணுது. ஒரே படத்தை 7 கோடிப் பேர் பார்த்தாங்க, அப்புறம் அறுபது வருஷமா புத்தகத்துலயும் டாக்குமென்டரியிலயும் டி-ஷர்ட்லயும் திரும்பத் திரும்பப் பார்த்தாங்க. எல்லாருக்கும் சொந்தமான அந்தப் படம், மெதுவா ஒவ்வொருத்தரோட சொந்தப் படத்து மேலயும் படிஞ்சு அதை மூடிடுச்சு. பேர் ஒண்ணுதான் மாறியிருக்கும்னு நினைக்காதீங்க, பேரோட சேர்ந்து வேற என்னென்னமோ அடியில போய் மாட்டிக்கிட்டிருக்கும். அதைத் தோண்டி எடுக்கணும்னா மேல இருக்கிறதை எடுத்துத்தான் ஆகணும்.

சொன்னேன். சுத்தி வளைக்காம, மரத்தைக் காட்டி, நிழலைக் காட்டி, ஏன்னு விளக்கிச் சொன்னேன். அவர் ஒண்ணும் பேசலை. ஃப்ளோர் டாமுக்குள்ள தலையை விட்டு ரொம்ப நேரம் பார்த்துட்டு, "தேங்க்ஸ்"னு மட்டும் சொல்லிட்டு லைட்டை அணைச்சார். எனக்கு நண்பன் சொன்னதுதான் சரியோன்னு வயித்தைப் பிசைஞ்சுது.

ரெண்டு நாள் கழிச்சு மாடி ஏறி வந்தார். (முழங்கால் வலி, ஏறவே மாட்டார்.) "லட்விக்னு எழுதியிருந்தது. கையால எழுதினது"ன்னார். அவங்க அக்கா. அப்ப அவளுக்குப் பதினேழு வயசாம். தம்பிக்குப் பேர் தெரியாத செட்டு வந்திருக்கேன்னு, பத்திரிகையில வந்த ரிங்கோ படத்தை வச்சுக்கிட்டு, பாஸ் டிரம்மோட முன்பக்கத் தோல்ல கறுப்பு பெயின்ட்ல லட்விக் எழுத்தை அப்படியே வரைஞ்சு குடுத்திருக்கா. பீட்டில்ஸ் பேருக்குப் பதிலா தம்பி பேர். அந்தத் தோல் ஒரு வருஷத்துல கிழிஞ்சு போச்சு. வேற தோல் போட்டாங்க, அது வெறும் வெள்ளை. அக்கா இறந்து இருபது வருஷம் ஆச்சாம்.

அவர் டிரம்ஸ் கதையை என்கிட்ட அதுக்கு முன்னாடி எத்தனையோ தடவை சொல்லியிருக்கார். ஒரு தடவைகூட அதுல அக்கா வந்ததே இல்ல. அப்பா வருவார், கிறிஸ்துமஸ் வரும், பக்கத்து வீட்டுக்காரன் போலீஸைக் கூப்பிட்டது வரும். அக்கா வரலை. கம்பெனிக்காரன் போட்ட பேர்னு நினைச்சிருந்த வரைக்கும் அதை எழுதின கைக்கு அந்தக் கதையில வேலையே இல்லையே. அப்பாவும் பொய் சொல்லலை, கடைக்காரனும் ஏமாத்தலை. இதை நான் எந்த விதத்துலயும் நிரூபிக்க முடியாது, அந்தத் தோல் இல்ல. ஆனா முட்டை வடிவ நிழலுக்கும் செம்பழுப்பு மரத்துக்கும் ஒத்து வர்ற கதை இதுதான்.

இன்னொரு பக்கம் எனக்கு ஒரு கோபமும் இருக்கு. விண்டேஜ் டிரம்ஸ் உலகத்துல இந்த ஜப்பான் செட்டுங்களுக்கு மரியாதை கிடையாது. 'ஜங்க்'னு ஒரே வார்த்தையில தள்ளிடுவாங்க. எது உசத்தின்னு முடிவு பண்றது ஏலம்தான். 2015 நவம்பர்ல, எட் சலிவன் ஷோவுல ரிங்கோ பாஸ் டிரம்ல இருந்த அந்த ஒத்தைத் தோல் மட்டும் இருபது லட்சம் டாலருக்கு மேல போச்சு. அடுத்த மாசமே அவரோட 1963 லட்விக் செட் முழுசும் ஏலத்துக்கு வந்து, அதுவும் இருபது லட்சத்துக்கு மேல. ரெண்டையும் வாங்கினவர் ஒரே ஆள், அப்ப ஃபுட்பால் டீம் ஓனரா இருந்த ஜிம் அர்சே. சரி, அது சரித்திரம், விலை போகட்டும். ஆனா அந்த விலையோட நிழல்ல நின்னுக்கிட்டு, லட்சக்கணக்கான பசங்க உண்மையிலேயே வாசிச்சுக் கத்துக்கிட்ட செட்டைக் குப்பைன்னு சொல்றது எந்த ஊர் நியாயம்?

அந்தக் குப்பையைச் செஞ்சவங்க யாருன்னும் பார்க்கணும். பேர்ல். அப்புறம் நகோயாவுல ஹோஷினோ. அவங்க முதல்ல ஸ்டார்ங்கிற பேர்ல செஞ்சாங்க (ஜப்பானிய மொழியில ஹோஷின்னா நட்சத்திரம்), 1974-ல் நிறுவனரோட மனைவி பேரை எடுத்து டாமான்னு மாத்தினாங்க. யமாஹா 1967-ல் டிரம்ஸுக்கு வந்தாங்க. பத்துப் பதினஞ்சு வருஷத்துல உலகமே இவங்க பக்கம் திரும்பிடுச்சு. போலீஸ் பேண்ட்ல ஸ்டூவர்ட் கோப்லாண்ட் வாசிச்சது டாமா. ஸ்டீவ் காட் வாசிச்சது யமாஹா. அந்த நேரத்துல அமெரிக்கக் கம்பெனிங்க ஒவ்வொண்ணா கைமாறிக்கிட்டு, ஃபேக்டரியை மூடிக்கிட்டு இருந்தாங்க. ஸ்டென்சில் செட்டுங்கிறது அந்தக் கைங்களோட வெர்ஷன் 0.1. பக் இருக்கும். குரோம் உரியும், டாம் ஸ்டாண்ட் ஆடும், பாஸ் டிரம் முன்னாடி நகர்ந்துக்கிட்டே போகும். ஆனா சத்தம்? நல்ல தோல் போட்டு, சுருதி கொஞ்சம் இறக்கி வச்சுத் தட்டிப் பாருங்க. லூவான் மரத்துக்குன்னு ஒரு கனமான, சட்டுனு அடங்குற சத்தம் இருக்கு. எனக்குப் பிடிச்சிருக்கு. என்னோட புது மேப்பிள் செட்டைவிட அந்த ஃப்ளோர் டாம் எனக்கு ஒரு படி மேல. (விலை என்னன்னு கேக்காதீங்க, வீட்டுல படிக்கிறாங்க.)

மரியாதை இல்லாததால என்ன ஆகுதுன்னா, யாரும் கை கூசாம இதைப் பிரிச்சுப் போடறாங்க. வளையம் தனி, லக்கு தனி, ஷெல்லைக் காபி டேபிளா மாத்தறது தனி. உறையை உரிச்சுட்டு மரத்துக்கு வார்னிஷ் அடிக்கிறது இன்னொரு வியாதி. உரிச்சுட்டா நிழல் போச்சு. நிழல் போனா பேட்ஜ் வடிவம் போச்சு. உறையோட போற பழைய ஓட்டைங்க, கீறல், எந்தப் பக்கம் வெயில் பட்டுச்சுங்கிறது எல்லாம் லாக் ஃபைல் மாதிரி. டிஸ்க்ல இடம் வேணும்னு லாக் ஃபைலை அழிச்சுட்டு, அப்புறம் புரொடக்‌ஷன்ல என்ன நடந்துச்சுன்னு கேக்கறவங்களை நாம என்ன சொல்லுவோம்?

நம்ம பசங்க மட்டும் என்ன ஒழுங்கா. காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல நாங்க வாசிச்ச செட் என்ன கம்பெனின்னு போன மாசம் வாட்ஸப் குரூப்ல ஒரு பஞ்சாயத்து. ஒருத்தன் பேர்ல்ங்கிறான், ஒருத்தன் டாமாங்கிறான், பேஸ் கிட்டார் வாசிச்சவன் மட்டும் ஆணி அடிச்ச மாதிரி "ரெமோடா, எழுதியிருந்ததே எனக்கு ஞாபகம் இருக்கு"ன்னான். படத்தைத் தேடிப் பிடிச்சுப் பார்த்தா, ஆமா, ரெமோன்னு எழுதியிருக்கு. தோல்ல. ரெமோ 1957-ல் ஆரம்பிச்ச கம்பெனி. மழைக்காலத்துல தளர்ந்து போற கன்னுக்குட்டித் தோலுக்குப் பதிலா பிளாஸ்டிக் தோலைப் பரப்பினவங்க. இன்னிக்கு உலகத்துல எந்தக் கம்பெனி டிரம்ல வேணும்னாலும் அவங்க தோல் இருக்கும். கார் டயர்ல எம்ஆர்எஃப்னு இருக்கிறதால அது எம்ஆர்எஃப் கார் ஆயிடாது ராசா. ஞாபகம் ரொம்பத் துல்லியம், விடைதான் தப்பு. இவனே அறுபது வருஷம் கழிச்சு பேரன்கிட்ட "என் முதல் பேண்ட்ல ரெமோ செட்டு"ன்னு சொல்லுவான், பாருங்க.

எங்க ஓனர் வீட்டு விளம்பரம் இன்னும் போடலை. விக்கிறதும் வைக்கிறதும் அப்பா பிள்ளை சமாச்சாரம், அதுல நான் தலையிடறதா இல்ல. பாஸ் டிரம்முக்கு ஒரு வெள்ளைத் தோல் வாங்கிட்டு வரச் சொல்லியிருக்கார், 22 இஞ்ச். அதுல என்ன எழுதப் போறார்னு நான் கேக்கலை.

உங்க வீட்டுல, இல்ல தெரிஞ்சவங்க வீட்டுல, பழைய செட்டு ஏதாவது இருந்தா ஒரு வேலை பண்ணுங்க. எதையும் துடைக்கிறதுக்கு முன்னாடி எல்லாப் பக்கமும் படம் எடுங்க. தோலைக் கழட்டி உள்பக்கத்தையும் எடுங்க, திருகாணியைக் குறுக்க குறுக்க, கொஞ்சம் கொஞ்சமா தளர்த்தணும். அந்த ஆள்கிட்ட கம்பெனி பேரைக் கேக்காதீங்க. யார் தூக்கிட்டு வந்தாங்க, எந்த ரூம்ல வச்சிருந்தாங்க, முதல்ல உடைஞ்சது எது, யார் சரி பண்ணாங்கன்னு கேளுங்க. சொல்றதை ஷெல்லுக்கு உள்ளேயே ஒரு ஓரத்துல எழுதிடலாம். பென்சில்ல எழுதுங்க. பேனா மை லூவான் மரத்துல ஊறிப் பரவிடும்.